படலை திறந்திருக்கும் வரைக்கும்

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில், வெஸ்ற்போர்ட் என்கிற சின்னப் பட்டினத்திலிருந்து அக்கில் தீவின் வாசல் வரைக்கும் ஒரு சைக்கிள் பாதை போகிறது. 42 கிலோமீற்றர். காரும் இல்லை, லொறியும் இல்லை, ஹோர்ன் சத்தமும் இல்லை. ஒரு பக்கம் அத்திலாந்திக் கடல், மற்றப் பக்கம் மலையும் சேற்று நிலமும். 'கிறேற் வெஸ்ரேர்ண் கிறீன்வே' என்று பெயர். இணையத்தில் தேடினால் படம் படமாக வந்து கொட்டும். எல்லாப் படத்திலும் ஒரு சைக்கிள், ஒரு நீலக் கடல், சிரிக்கிற ஒரு குடும்பம்.

போன கோடையில் நாங்கள் மூன்று பேர் அதில ஓடினோம். வடிவில்லை என்று சொல்ல வரேல்லை. அவ்வளவு வடிவு. ஆனால் திரும்பி வந்தபிறகு எங்களுக்குள்ள கதைச்சது கடலைப் பற்றி இல்லை, படலைகளைப் பற்றித்தான். இந்தப் பாதையின் பெருமை கார் இல்லாததுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கார் இல்லாமல் இருக்க யார் இடம் கொடுத்தது என்பதுதான் பெரிய கதை என்று நாங்கள் நினைக்கிறோம்.

முதலில் பாதை. வெஸ்ற்போர்ட்டிலிருந்து நியூபோர்ட் வரைக்குமான துண்டு சுமார்தான். பிரதான வீதியின் சத்தம் பல இடத்தில காதில விழும். நியூபோர்ட்டில் ஏழு வளைவுகள் கொண்ட பழைய ரயில் பாலம் ஒன்று ஆற்றின் மேல நிற்கிறது, செந்நிறக் கல்லில கட்டினது. அங்கேயிருந்து மல்ரனி வரைக்கும் 18 கிலோமீற்றர், 2010இல் முதலில் திறந்த துண்டு. கிளூ விரிகுடா முழுக்கச் சின்னச் சின்னத் தீவுகள். பனிக்காலம் விட்டுப்போன மண்மேடுகள் கடலில தாண்டு, தலை மட்டும் வெளியில தெரியுது. நாளுக்கு ஒன்றாக 365 தீவு என்று ஊர்ச்சனம் சொல்லும், ஆர் எண்ணினது? விரிகுடாவுக்கு அந்தப்பக்கம் 764 மீற்றர் உயரத்தில் குறோ பற்றிக் மலை, கோபுரம் மாதிரிக் கூராக. ஜூலை மாதக் கடைசி ஞாயிறு ஆயிரக்கணக்கான யாத்திரீகர்கள் ஏறுகிற மலை.

ஏற்றம் பெரிதாக இல்லை. காரணம், இது ரயிலுக்காக வெட்டின பாதை. ரயில் செங்குத்தாக ஏறாது. சைக்கிள் ஓடுகிற எங்கட முழங்காலுக்கு அந்த எஞ்சினியர்மார் 130 வருசத்துக்கு முன்னமே புண்ணியம் செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ரயிலைப் பற்றிச் சொல்லவேணும். வறுமைப்பட்ட மேற்குக் கரைக்குச் சிறு ரயில் பாதைகள் போட ஆர்தர் பல்ஃபோர் 1889இல் சட்டம் கொண்டு வந்தார். அதன்கீழ் கட்டின பாதை 1895இல் அக்கில் வரைக்கும் திறக்கப்பட்டது. ஆனால் அக்கிலுக்கு முதல் ரயில் அதற்கும் முன்னமே போய்விட்டது. 1894 ஜூன் 14. ஸ்கொட்லாந்துக்கு அறுவடைக் கூலி வேலைக்குப் போகிற அக்கில் சனம், வெஸ்ற்போர்ட் துறையில் நிற்கும் நீராவிக் கப்பலைப் பிடிக்கப் பாய்மர வள்ளத்தில வந்தது. கப்பலைக் கண்டதும் பார்க்கிற ஆவலில் எல்லாரும் ஒரு பக்கமாக ஓடினார்கள். வள்ளம் சரிந்தது. 32 பேர் மூழ்கிச் செத்தார்கள், பெரும்பாலும் இளம் ஆட்கள். இன்னும் திறக்கப்படாத பாதையில் விசேட ரயில் விட்டு அந்த உடல்களை ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

1937இல் பாதையை மூடப்போகிற நேரம். அந்த வருசம் செப்டெம்பர் 16ஆம் திகதி, ஸ்கொட்லாந்தில் கேர்க்கின்ரிலொக் என்ற ஊரில், உருளைக்கிழங்கு கிண்டப் போன அக்கில் பெடியள் பத்துப் பேர் படுத்திருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்தது. பத்துப்பேரும் கருகிப் போனார்கள். கடைசி ஆள் 13 வயது, மூத்தவருக்கு 23. அவர்களையும் இதே பாதையில்தான் கொண்டுவந்தார்கள். அந்தப் பாதையில் ஓடின கடைசி ரயில்களில் அது ஒன்று.

இதைச் சொல்லுகிற எவரும் ஒரு தீர்க்கதரிசனத்தையும் சேர்த்துச் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரையன் ருவா என்றொருவர், இரும்புச் சக்கரத்தில் புகைவிடும் வண்டி ஒரு நாள் அக்கிலுக்கு வரும், முதல் வண்டியும் கடைசி வண்டியும் பிணங்களை ஏற்றிவரும் என்று சொன்னாராம். கேட்கத் தலைமயிர் சிலிர்க்கும். சுற்றுலாக்காரருக்கும் நல்ல கதை. எங்களுக்குத்தான் அதில ஒரு கோபம். 32 பேரும் பத்துப்பேரும் விதியால் சாகவில்லை. தங்கட காணியில் வாழ வழியில்லாமல், கடல் கடந்து இன்னொருவரின் கிழங்கைக் கிண்டப் போனதால் செத்தார்கள். ரெண்டுக்கும் இடையில 43 வருசம், அந்த 43 வருசத்திலும் அந்த ஊருக்கு வேறு வேலை வரவில்லை. ரயில் வந்து, ஊரைவிட்டுப் போகிறதை இலேசாக்கியது. தீர்க்கதரிசனம் என்று சொன்னால் கதவைப் பூட்டினது ஆர் என்று கேட்கத் தேவையில்லாமல் போய்விடும். (பூட்டின கதவுகளைப் பற்றி விதி என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாங்கள். அதனால் கொஞ்சம் கூடக் கோபப்படுறமோ தெரியாது.)

ரயில் போனபிறகு அந்தத் தடம் துண்டு துண்டாகப் பக்கத்துக் கமக்காரரின் காணிக்குள்ள சேர்ந்துவிட்டது. எழுபது வருசம் செம்மறியும் மாடும் மேய்ஞ்சது. பாதையாக்க வேணும் என்ற யோசனை வந்தபோது அதில 150க்கு மேற்பட்ட காணிக்காரர்கள் இருந்தார்கள். மேயோவில் காணிக்காரரிடம் போய் நிலம் கேட்கிறது சின்ன விசயமில்லை. 1879இல் காணிச் சங்கம் பிறந்த மாவட்டம் இது. அதைத் தொடங்கின மைக்கேல் டேவிற்றின் குடும்பம், அவர் நாலு வயசாக இருக்கும்போது இதே மாவட்டத்தில் வீட்டிலிருந்து துரத்தப்பட்டது. அக்கில் தீவுக்குப் போகிற பாலத்துக்கு அவற்றை பெயர்தான். நாங்கள் பகிஷ்கரிப்பு என்கிற விசயத்துக்கு ஆங்கிலத்தில் வழங்குகிற சொல்லும் இங்கேதான் பிறந்தது. பொய்கொட் என்ற காணி முகவரோடு 1880இல் ஊர் முழுக்கக் கதை பேச்சை நிப்பாட்டினது. அந்த மனுசன் அதற்கு முன்னர் அக்கிலில்தான் காணி வைத்திருந்தவர். இப்படிப்பட்ட ஊரில், பாட்டன் அடிபட்டு வாங்கின நிலத்தின் நடுவால சைக்கிள் விடச் சம்மதிப்பார்களா?

சம்மதித்தார்கள். காணியை விற்கவில்லை. உரிமை எழுதிக் கொடுக்கவில்லை. போக விடுகிறோம் என்ற அனுமதி மட்டும். பராமரிப்பும் விபத்துப் பொறுப்பும் உள்ளூராட்சியின் பக்கம், நிலம் அவர்கள் பக்கம். விரும்பாவிட்டால் படலையைச் சாத்தலாம். 2011இல் முழுப் பாதையும் திறந்தது.

இதைப் பார்த்துவிட்டுப் பல மாவட்டங்கள் தங்களுக்கும் வேணும் என்று கிளம்பின. தெற்கே வோட்டர்ஃபோர்டில் 46 கிலோமீற்றர் 2017இல் வந்தது, அங்கே பழைய ரயில் தடம் அரச போக்குவரத்து நிறுவனத்தின் கையிலேயே இருந்ததால் கேட்க வேண்டிய ஆள் ஒன்று. பக்கத்துக் கால்வே மாவட்டத்தில் கிளிஃப்டனுக்குப் போகிற பழைய ரயில் பாதை காணிக்காரரோடு இணக்கம் வராமல் வருசக்கணக்கில் இழுபட்டது. வலிந்து சுவீகரித்தால் என்ன என்ற கேள்வி அங்கேயும் வந்தது.

எங்களில் ஒருவர் சொல்கிறார், பொதுப்பாதை என்றால் பொதுச்சொத்தாக இருக்கவேணும், ஒரு கமக்காரரின் மனம் மாறினால் 42 கிலோமீற்றரும் ரெண்டாக முறியும், இது என்ன திட்டம் என்று. நியாயமான கேள்விதான். மற்ற ரெண்டு பேருக்கும் உடன்பாடில்லை. வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் போட்டுக் காணியை எடுக்கிறது எவ்வளவு சுகம், திரும்பி வாங்கிறது எவ்வளவு பாடு என்று தெரிந்த ஊரிலிருந்து வந்தவர்கள் நாங்கள். 150 வீட்டுக் கதவைத் தட்டி, தேத்தண்ணி குடித்து, 'ஆட்டுக்குட்டி போடுற காலத்தில நாய் வந்தால் என்ன செய்யிறது' என்ற கேள்விக்கு மறுமொழி சொல்லிப் பெற்ற அனுமதி, சுணங்கி வரும். வந்தால் ஊர் அதைத் தன்னுடையதாகப் பார்க்கும். முறியக்கூடியது என்பதால்தான் ஓடுபவரும் கொஞ்சம் மரியாதையாக ஓடுகிறார். மல்ரனிக்கு அங்காலே படலையைச் சரியாகக் கொளுவாமல் வந்துவிட்டோம். தன் செம்மறிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு ஐயா கையைக் காட்டினார். நாங்கள் வாழ்த்துச் சொல்கிறார் என்று நினைத்துத் திருப்பிக் கையைக் காட்டினோம். பிறகுதான் விளங்கி, இருநூறு மீற்றர் திரும்பி ஓடி, படலையைப் பூட்டிவிட்டு வந்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எங்களுடைய மெய்யான முறைப்பாடு வேறு. உண்மையான முரட்டுக் கடற்கரை அக்கிலுக்குள்ளதான் தொடங்குகிறது. கீம் கடற்கரை, அதற்கு மேலே கடலுக்குள் இடிந்து விழுகிற மாதிரி 688 மீற்றர் உயரக் குறோகான். 'த பான்ஷீஸ் ஒஃப் இனிஷெரின்' படத்தில் பார்த்திருப்பீர்கள், சில காட்சிகள் கீமில் எடுத்தவை. அங்கே போகக் கார் ஓடுகிற றோட்டால்தான் போகவேணும். அயர்லாந்து இந்தக் கரை முழுவதையும் 2014இலிருந்து உலகத்துக்கு விற்கிறது, 2,500 கிலோமீற்றர் 'வைல்ட் அத்திலாந்திக் வே' என்று. அது கார் ஓட்டுகிறதுக்கான பாதை. 2,500க்குப் பக்கத்தில 42ஐ வைத்துப் பாருங்கள். எங்கட கிறீன்வேக்கு வந்த ஆட்களில் கனபேர் காரின் முதுகில சைக்கிளைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். கார் இல்லாத பாதைக்குக் கார் இருந்தால்தான் சுகமாகப் போகலாம். டப்ளினிலிருந்து வெஸ்ற்போர்ட்டுக்கு ரயில் இருக்கு, சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், முன்கூட்டியே பதியவேணும். எங்கள் மூன்று பேருக்கும் கிடைக்கவில்லை. அங்கே போய் வாடகைக்கு எடுத்தோம், அதில ஒன்று பத்தாவது கிலோமீற்றரிலேயே சங்கிலி கழன்றது.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். வெஸ்ற்போர்ட்டிலிருந்து தொடங்கினால் முகத்தில அறையும். வாடகைக் கடைக்காரரின் வானில் அக்கிலுக்குப் போய், அங்கேயிருந்து திரும்பி ஓடுங்கள். நாங்கள் வீம்புக்கு மற்றப் பக்கமாக ஓடி நல்லா வாங்கிக் கட்டினோம்.

அக்கில் பாலம் தாண்டினபிறகு எல்லாரும் கீமுக்குத் திரும்புவார்கள். நாங்கள் தெற்கால, கரையோடு ஆறேழு கிலோமீற்றர் கில்டாவ்நெற் சுடலைக்குப் போனோம். ஒடுங்கின றோட்டு, ஒவ்வொரு கார் வரும்போதும் இறங்கிப் புல்லில நின்றோம். 1894இல் மூழ்கினவர்களும் 1937இல் எரிந்தவர்களும் அங்கேதான் கிடக்கிறார்கள், ஒரே சுடலையில், கடலைப் பார்த்தபடி. வேறு ஒருவரும் அங்கே இல்லை. மழை தொடங்கினது. வாசல் படலையைக் கொளுவிவிட்டு வெளிக்கிட்டோம்.