பிரண்டையைப் பிடுங்குவதற்கு முன்னர்

கொஞ்சம் நீண்ட பதிவு. பெற்றோரும் பழைய மாணவர்களும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரும் நேரமெடுத்து வாசித்தால் நல்லது. மற்றவர்களும் வாசிக்கலாம், உங்கள் ஊர்ப் பாடசாலையிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கும்.

போன கிழமை எங்கள் பாடசாலையில் டெங்கு ஒழிப்புச் சிரமதானம். நல்ல விசயம். பெற்றோர் நிறையப் பேர் வந்தார்கள். வகுப்பறைக் கூரைப் பீலிகளைத் துப்பரவு செய்தார்கள், கழிவறைக்குப் பின்னால் கிடந்த யோகட் கோப்பைகளையும் சிரட்டைகளையும் பழைய டயர் இரண்டையும் அகற்றினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரோ ஒருவர் மேற்குப் பக்க வேலியைக் காட்டி "இந்தக் காட்டையும் வெட்டிப்போடுவம்" என்றார். ஒரு மணித்தியாலத்துக்குள் பாதி வேலி போய்விட்டது. கிளுவைக் கதியால்களின் மேல் பத்துப் பதினைந்து வருடமாகப் படர்ந்து கிடந்த பிரண்டை, ஒரு ட்ரெக்டர் பெட்டி நிறைய. அதைக் குவித்துத் தீ வைத்தார்கள். பச்சைப் பிரண்டை எங்கே எரியும்? உடம்பெல்லாம் தண்ணீர். மூன்று நாள் புகைந்தது, தரம் 6 பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தார்கள்.

டெங்கு நுளம்பு முட்டையிடுவது தேங்கி நிற்கும் நீரில். பிரண்டையில் ஒரு துளி தண்ணீர் தேங்குவதற்கு இடமில்லை. நாற்சதுரத் தண்டு, கணுவுக்கு ஒரு சிறிய இலை, அவ்வளவுதான். நுளம்பு வளர்த்தது யோகட் கோப்பை, தண்டனை கிடைத்தது பிரண்டைக்கு. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அங்கே நின்றோம், பார்த்துக்கொண்டிருந்தோம், சொல்லவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறோம். மிச்சப் பாதி வேலி மதிலுக்காக எதிர்வரும் வெள்ளிக்கிழமை இயந்திரம் கொண்டு தள்ளப்படவிருக்கிறது.

அதே கிழமை ஆசிரியர் அறையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். எங்களில் இளையவரான ஒரு டீச்சர் தொலைபேசியில் ஒரு சாடிச் செடியைக் காட்டினார். அடியில் போத்தல் மாதிரி ஊதிய தண்டு, கடதாசி போல உரியும் பட்டை, மெழுகு பூசினதுபோல தடித்த இலை. விலை எண்ணாயிரத்து ஐந்நூறு ரூபா, விநியோகச் செலவு வேறு. பெயர் சைபோஸ்டெம்மா ஜுட்டே. நமீபியாவின் கற்குன்றுகளில் வளர்வது. கோடையின் சூட்டைத் தாங்க வெள்ளை கலந்த பட்டையால் வெயிலைத் திருப்பி அனுப்பும், வறட்சிக் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுத் தண்டில் சேர்த்த நீரோடு உயிர் வாழும். பழுத்தால் திராட்சைக் குலை போலச் சிவப்பாகத் தொங்கும், ஆனால் வாயில் வைக்க முடியாது, தொண்டை எரியும். அந்த டீச்சருக்கு அது மிகவும் பிடித்துப்போய்விட்டது. அவரைக் குறை சொல்லவில்லை, அழகான செடிதான்.

ஆனால் அது பிரண்டைக்குச் சொந்தக்காரச் செடி. இரண்டும் திராட்சைக் குடும்பம், எங்கள் மூத்தம்மாமார் முந்திரிகை என்று சொல்கிற அதே கொடியின் குடும்பம். பிரண்டையின் பேரினம் சிஸ்ஸஸ், ஏறத்தாழ 300 இனங்கள். சைபோஸ்டெம்மாவில் ஏறத்தாழ 200, பெரும்பகுதி ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும். முன்பு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பிரான்ஸ் தாவரவியலாளர் ப்ளான்ஷோன் 1887இல் சிஸ்ஸசுக்குள் ஒரு பிரிவாக இதற்குப் பெயர் வைத்தார். (1868இல் பிரான்ஸின் திராட்சைத் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்த வேர்ப்பூச்சியைக் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர். திராட்சைக் குடும்பத்தோடு அவருக்கு அப்படியொரு பந்தம்.) அதைத் தனிப் பேரினமாக உயர்த்தியவர் அல்ஸ்டன் என்ற ஆங்கிலேயர். எந்தப் புத்தகத்தில் தெரியுமா? ட்ரைமன் எழுதிய இலங்கைத் தாவரக் கைந்நூலின் ஆறாம் பாகத்தில், 1931இல். அல்ஸ்டன் அதற்கு முன்னர் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்தவர்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நமீபியாவின் பாறையில் நிற்கிற செடி இன்றைக்கு உலகம் முழுவதும் எந்தப் பேரினப் பெயரில் விற்கப்படுகிறதோ, அந்தப் பெயர் பேரினமாக ஆனது இலங்கையின் கொடிகளைப் பற்றிய ஒரு நூலில். நமது நாட்டிலேயே அந்தப் பேரினத்தின் கொடி ஒன்று இருக்கிறது. தமிழ் மூலிகை நூல்களில் அதற்குப் புளிநறளை என்று பெயர். நாங்கள் எட்டுப் பேர் அறையில் இருந்தோம். ஒருவருக்கும் அதைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

பிரண்டையையாவது தெரிந்து வைத்திருக்கிறோமா? இரண்டு வருடத்துக்கு முன்பு தரம் 11 பிள்ளைகளோடு ஒரு பரிசோதனை செய்தோம். செலவு ஒரு பெட்டி பீ.எச். தாள் மட்டும். பாலைவனச் செடிகள் பகலில் இலைவாயைத் திறந்தால் நீர் எல்லாம் ஆவியாகிவிடும், அதனால் இரவில் திறந்து காபனீரொட்சைட்டை உள்ளே எடுத்து அமிலமாக்கிச் சேமித்து வைக்கும், பகலில் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் சேமிப்பை வைத்து ஒளித்தொகுப்புச் செய்யும் என்று பிள்ளைகளுக்குச் சொல்வோம். படத்தில் எப்போதும் ஒரு கள்ளிச்செடி. பிரண்டைத் தண்டும் அதே வேலையைத்தான் செய்கிறது, எங்கள் வேலியில், ஒவ்வொரு இரவும்.

பள்ளிக்குப் பக்கத்தில் வீடுள்ள நான்கு பையன்கள் சுபஹ் தொழுதுவிட்டு வந்து தண்டு நறுக்கினார்கள். அதே கொடியில் அஸருக்குப் பிறகு இன்னொரு துண்டு. இரண்டையும் நசித்துச் சாறெடுத்துத் தாளைத் தொட்டால் நிறம் இரண்டு விதம். காலைச் சாறு கூடிய புளிப்பு, அதாவது கூடிய அமிலம். மாலையில் இறங்கியிருந்தது. ஒரு பையன், கணக்கில் எப்போதும் பின்னுக்கு நிற்கிறவன், "சேர், அப்ப இது ராத்திரி சம்பாதிச்சுப் பகல்ல செலவழிக்குது" என்றான். நாங்கள் அத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒரு வசனத்தில் முடித்துவிட்டான். அந்த வேலிப் பகுதிதான் போன கிழமை புகைந்தது.

இனி எழுதப்போவது எங்களுக்கு இலகுவானதல்ல.

போன வருடம் எங்கள் மாணவன் ஒருவன், தரம் 9, மாமரத்தால் விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறித்துக்கொண்டான். அந்தக் காலப்பகுதியில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பிரண்டையை அரைத்துக் கட்டினால் ஏழே நாளில் எலும்பு ஒட்டும், ஆஸ்பத்திரிக்காரர் இதை மறைக்கிறார்கள் என்று. பையனின் வாப்பா கூலி வேலை செய்கிறவர். வைத்தியசாலைக்குப் போனால் இரண்டு நாள் வேலை போகும். எங்கள் வேலியில்தான் பிரண்டை ஒடித்துக்கொண்டு போனார், நாங்களே பார்த்தோம். பச்சையாக அரைத்துக் கட்டினார். தோல் கொப்பளித்தது, மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். பன்னிரண்டாம் நாள் விரல் மரத்துப்போன பிறகுதான் வைத்தியசாலை. எக்ஸ்ரேயில் எலும்பு விலகிய இடத்திலேயே ஒட்டத் தொடங்கியிருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். இன்றைக்கும் அவனுக்கு அந்தக் கை முழுதாக நீளாது. கரும்பலகையில் எழுதச் சொன்னால் மற்றக் கையைத் தூக்குகிறான்.

அந்தச் செய்தியைக் குழுவில் பகிர்ந்தவர்களில் நாங்களும் இருந்தோம். வாசித்துப் பார்க்காமல், "பயனுள்ள தகவல்" என்று போட்டுப் பகிர்ந்தோம். ஆசிரியர் போட்டால் உண்மையாகத்தான் இருக்கும் என்று அந்த வாப்பா நினைத்ததில் என்ன பிழை?

பிரண்டைக்கு எலும்போடு சம்பந்தமே இல்லை என்று சொல்ல வரவில்லை. வடமொழியில் அதன் பெயரே எலும்பைச் சேர்ப்பது என்ற பொருளில்தான். சிங்களத்தில் ஹீரஸ்ஸ, கைகால் முறிவுக்கு வைத்தியம் செய்கிற சிங்கள வெதமாத்தயாக்கள் பரம்பரையாகப் பாவிக்கிறார்கள். எங்கள் பரிசாரிமாரும் பாவித்தார்கள். 1960களில் வாரணாசியில் விலங்குகளில் ஆய்வு செய்து, முறிவு ஆறுவது விரைவாகிறது என்று எழுதினார்கள். இருக்கட்டும். ஆனால் விலகிய எலும்பை நேராக்குவது எந்தச் சாறும் அல்ல. பழைய பரிசாரி முதலில் கையால் தடவிப் பார்ப்பார், இழுத்துப் பொருத்துவார், மரச்சிம்பு வைத்துக் கட்டுவார். அதன் பிறகுதான் பற்று. நமது பதிவுகள் அவருடைய கையை விட்டுவிட்டுப் பற்றை மட்டும் எடுத்துக்கொண்டன. இன்னொன்று, கோணலாகக் கிடக்கிற எலும்பு சீக்கிரம் ஒட்டினால் என்ன ஆகும்? சீக்கிரமாகக் கோணலாகும். பிரண்டை சொன்னபடியே வேலை செய்திருந்தாலும் அந்தப் பையனுக்கு அது கெடுதிதான்.

தோல் ஏன் கொப்பளித்தது என்பதும் பாடம்தான். பிரண்டைக்குள் கல்சியம் ஒட்சலேற்று ஊசி ஊசியான பளிங்குகளாக இருக்கிறது. ஆடுமாடு கடிக்காமல் இருக்க அதன் காவல். இது எங்கள் மூத்தம்மாமாருக்கு வேதியியல் படிக்காமலே தெரியும். கையில் எண்ணெய் தடவாமல் பிரண்டையைத் தொடமாட்டார்கள். இளந்தண்டாகப் பார்த்து ஒடித்து, கணுவைக் கழித்து, நான்கு ஓர நாரையும் உரித்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை நன்றாக வதக்கி, செத்தல் மிளகாய், உள்ளி, தேங்காய்ப்பூ, பழப்புளி வைத்து அம்மியில் அரைப்பார்கள். புளி இல்லாமல் பிரண்டைச் சம்பல் இல்லை. 2022இல் கேஸும் இல்லை, மாவும் இல்லை, மரக்கறி விலை கேட்டாலே தலை சுற்றிய நாட்களில், இந்த வேலியில் வந்து ஒடித்துக்கொண்டு போன உம்மாமார் எத்தனை பேர் என்பது வாசலில் நின்ற காவலாளிக்குத் தெரியும். இப்போது அதே ஊரில் அதற்குக் "காடு" என்று பெயர்.

ஒரு பக்கம் காடு என்று எரிக்கிறோம். மறுபக்கம் அற்புத மருந்து என்று பகிர்கிறோம். வெளிநாட்டில் இதைக் குளிசையாக்கிச் சிஸ்ஸஸ் என்று பெயர் போட்டு உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு விற்கிறார்கள், அதையும் வாங்குவோம். செடிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்க்க மட்டும் எங்களுக்கு நேரமில்லை. பார்த்திருந்தால் எரித்திருக்கமாட்டோம், பச்சையாக அரைத்துப் பிள்ளையின் கையில் கட்டச் சொல்லியும் இருக்கமாட்டோம்.

மதில் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மாடு வருகிறது, நாய் வருகிறது, சென்ற தவணை தண்ணீர்க் குழாய்த் தலையும் களவு போனது. மதில் கட்டப் பணம் தந்த சகோதரருக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். நாங்கள் கேட்பது கிணற்றடியிலிருந்து ஆய்வுகூடம் வரையுள்ள துண்டை மட்டும். சரியாக அளந்தோம், முப்பத்தைந்து அடி. அந்த இடத்தில் மதிலை மூன்று அடி வெளியே தள்ளிக் கட்ட நிலம் இருக்கிறது, அதுவும் பாடசாலைக் காணிதான். வேலி உள்ளே நிற்கட்டும். பெயர்ப்பலகை ஒன்று மூன்று மொழியிலும் நாங்களே எழுதி வைப்போம். அதிபர் "சங்கம் சம்மதித்தால் சரி" என்று சொல்லிவிட்டார். கூட்டம் புதன்கிழமை பின்னேரம் நான்கு மணிக்கு. வழமைபோல ஆறு பேர் வந்து கையொப்பம் வைத்துவிட்டுப் போகிற கூட்டமாக இது இருக்கக்கூடாது. தயவுசெய்து வாருங்கள், மாற்றுக் கருத்திருந்தாலும் வந்து சொல்லுங்கள்.

அந்தப் பையனின் வாப்பாவிடம் இந்தப் பதிவை எழுத அனுமதி கேட்கப் போனோம். மன்னிப்பும் கேட்டோம். "எழுதுங்க சேர், ஆனா வேலிய வெட்டச் சொல்லி எழுதாதீங்க, அது என்ன செஞ்ச" என்றார். அதற்கு மேல் எங்களால் அங்கே நிற்க முடியவில்லை.

எப்படியும் வெள்ளிக்கிழமைக்கு முன் கொஞ்சம் காப்பாற்றி வைக்கலாம் என்று நேற்று இரண்டு வாளி நிறையத் துண்டு வெட்டி ஆசிரியர் அறை விறாந்தையில் வைத்திருக்கிறோம். பக்கத்துச் சிங்களப் பாடசாலை டீச்சர் ஒருவர் ஹீரஸ்ஸ என்று கேள்விப்பட்டு அவருடைய அம்மாவுக்காக ஆறு துண்டு எடுத்துப் போனார். சாடிச் செடி காட்டிய எங்கள் டீச்சரும் ஒன்று எடுத்தார். மூன்று கணு உள்ள துண்டு, ஒரு கணு மண்ணுக்குள், நட்டபின் ஒரு கிழமைக்குத் தண்ணீர் ஊற்றவேண்டாம், வெட்டுவாய் அழுகிவிடும். வேண்டியவர்கள் பாடசாலை விடும் நேரத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வாருங்கள்.