பனஞ்சாராயத்துக்குக் கிடைத்த மதிப்பு, பனை ஏறுபவருக்கு எப்போது?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. சனிக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அம்மா விரதம் என்பதால் நண்பன் தன் அலுவலக நண்பர்களை எப்போதும் சனிக்கிழமைதான் அழைப்பான். தனியார் நிறுவனமொன்றில் அவன் கணக்காளன். மாத இறுதி என்றால் இரவு பத்து மணி வரை கணக்கு முடிக்க வேண்டும். மற்ற நாட்களில் வேலை முடிந்து வந்ததும் குசினி மூலையிலுள்ள மூன்று தட்டு அலுமாரிதான் அவனுடைய உலகம். அதில் ஷேக்கர், அளவுக் கிண்ணம், வடிகள், விதவிதமான கண்ணாடிக் குவளைகள், அவனே காய்ச்சி ஊற்றி வைத்த பாணிப் போத்தல்கள். 2020 ஊரடங்குக் காலத்தில் பொழுதுபோக்காகத் தொடங்கிய கொக்டெயில் கலக்கும் பழக்கம் இன்று அவனுக்கு ஒரு வேட்கையாகிவிட்டது.

அன்று அவன் கலந்தது பனஞ்சாராயத்தில். 60 மில்லிலீற்றர் சாராயம், 30 மில்லிலீற்றர் தேசிக்காய்ச் சாறு, 20 மில்லிலீற்றர் பனங்கட்டிப் பாணி. ஐஸ்கட்டி போட்டுப் பத்துப் பன்னிரண்டு விநாடி குலுக்கினான். குலுக்குவது குளிராக்க மட்டும் அல்ல, அப்போது உருகிச் சேரும் தண்ணீரும் செய்முறையில் ஒரு பங்கு என்று விளக்கினான். குடிக்காத ஒருவருக்கு அதே பாணி, அதே தேசிக்காய், இஞ்சிச் சாறு சேர்த்துச் சாராயம் இல்லாமல் செய்து கொடுத்தான். அதையும் அதே அக்கறையோடு, அதே மாதிரிக் குவளையில்.

வந்திருந்த சிங்கள நண்பர் ஒருவர், பனையிலிருந்து இதை எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்டார். பாளையை எப்படித் தட்டிப் பதப்படுத்துவது, ஏன் ஒவ்வொரு நாளும் மெல்லியதாகச் சீவுவது, முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள் என்று நண்பன் ஒரு பிழையும் இல்லாமல் விளக்கினான். ஆனால், கதை முழுவதையும் "அவர்கள் அங்கே அப்படிச் செய்வார்கள்" என்றுதான் சொன்னான். அவனுடைய அம்மப்பா வடமராட்சியில் ஒரு சீவல் தொழிலாளி. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த "அவர்கள்" என்ற சொல்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

இலங்கையில் சாராயத்துக்கு இன்று ஒரு புது மரியாதை வந்திருக்கிறது. நீண்ட காலமாக இங்கே குடிக்கும் ஒரு ஏணி இருந்தது. கிளப்புகளில் விஸ்கியும் ஜின்னும், தெருமுனையில் தென்னஞ்சாராயம், எல்லாவற்றுக்கும் கீழே தவறணையில் பிளாவில் குடிக்கும் பனங்கள். இப்போது அந்த ஏணி கொஞ்சம் ஆடுகிறது. மாத்தறை மாவட்டத்தின் ஹிரிகெட்டிய கடற்கரையிலுள்ள ‘ஸ்மோக் அண்ட் பிற்றர்ஸ்’ 2022 இல் ஆசியாவின் 50 சிறந்த பார்கள் பட்டியலில் இடம்பிடித்தது. உள்ளூர்ச் சாராயத்தையும் உள்ளூர்ப் பழங்களையும் வாசனைப் பொருட்களையும் வைத்தே உலகத் தரத்தில் ஒரு பானத்தைச் செய்யலாம் என்று பலர் நம்பத் தொடங்கியிருக்கிறார்கள். உல்லாசப் பயணிகளை எதிர்பார்த்திருக்கும் ஒரு பொருளாதாரத்துக்கு இது நல்ல செய்திதான்.

வரலாற்றில் இது புதிதும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆசியச் சாராயங்கள் கப்பலேறி ஐரோப்பாவின் ‘பஞ்ச்’ கிண்ணங்களுக்குப் போயின. சுவீடனின் கிழக்கிந்தியக் கம்பனி கொண்டுபோன பத்தாவியாச் சாராயத்திலிருந்து அந்த நாட்டுக்கென்றே ஒரு தேசியப் பானம் உருவானது. கிண்ணத்துக்குப் பெயர் வந்தது. சாராயத்தைக் காய்ச்சியவர்களுக்குப் பெயர் வரவில்லை. இன்று நம் பனைக்கும் அதுவே நடந்துவிடுமோ என்பதுதான் என் கேள்வி.

நண்பனின் மேசையிலிருந்து பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம். போத்தலுக்கு முன்னால் வடிசாலை இருக்கிறது, வடிசாலைக்கு முன்னால் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கம், சங்கத்துக்கு முன்னால் மரத்தில் நிற்கும் ஒரு மனிதர். காலில் தளைநார், இடுப்பில் பாளைக் கத்தி. காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு மரத்திலும் ஏறி இறங்க வேண்டும். கள் சில மணித்தியாலங்களிலேயே புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால் ஓய்வு நாள் கிடையாது. பருவம் வருடத்தில் சுமார் ஆறு மாதம். மற்ற மாதங்களில் கூலி வேலை. தவறி விழுந்தால் அதோடு ஒரு குடும்பத்தின் வருமானம் நிற்கும்.

இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் யுத்தம் அறுத்தது. ஷெல்லில் தலை போன பனைகள் இன்னும் சில இடங்களில் மொட்டையாக நிற்கின்றன. பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் இரு தரப்பும் பனங்குற்றிகளைத்தான் அடுக்கின. 1990 முதல் வலிகாமம் வடக்கின் பனந்தோப்புகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டன. 1987 இல் வடமராட்சியில் நடந்த ஒப்பரேஷன் லிபரேஷனுக்குப் பிறகு, விடியற்காலையில் மரத்தின் உச்சியில் நிற்பவன் எல்லோருக்கும் சந்தேகத்துக்குரியவன் ஆகிவிட்டான் என்று நண்பனின் அம்மப்பா சொல்வாராம். வடமராட்சியின் திக்கம் வடிசாலையும் முடங்கியது. யுத்தம் முடிந்த பின்னரும் அதை யார் நடத்துவது என்ற இழுபறி வருடக்கணக்கில் நீண்டது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். பனை உடனே பயன் தரும் மரம் அல்ல. விதை போட்டுப் பாளை வருவதற்கு ஏறக்குறைய பதினைந்து வருடம் வேண்டும், சில மரங்களுக்கு அதற்கும் மேலே. 2009 க்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் சங்கங்கள், பாடசாலைகள், பனை அபிவிருத்திச் சபை எனப் பலரும் நட்ட விதைகள் இப்போதுதான் பாளை விடும் வயதுக்கு வருகின்றன. கொழும்பில் பனஞ்சாராயத்துக்குக் கேள்வி வரும் காலமும், மரம் திரும்பி வரும் காலமும் ஒன்றாக அமைந்திருக்கிறது. இல்லாதது ஏறுவதற்கு ஆள்.

ஏன் இல்லை என்று கேட்டால், "இந்தக் காலத்துப் பெடியள் கஷ்டப்பட மாட்டினம்" என்ற பதில் உடனே வரும். அது நேர்மையான பதில் அல்ல. கஷ்டமான வேலைக்கு நம் இளைஞர்கள் கட்டாரிலும் லண்டனிலும் போய் நிற்கிறார்கள். பனையை விட்டு அவர்கள் விலகியதற்கு உயரம் மட்டும் காரணம் அல்ல, பெயரும் காரணம்.

யாழ்ப்பாணத்தில் கள்ளைக் குடித்தவர்கள் எல்லாச் சாதியிலும் இருந்தார்கள். சீவியவர்களை ஒடுக்கப்பட்ட சாதிகளில் மட்டும் வைத்திருந்தோம். அவர்கள் இறக்கிய கள்ளுக்குத் தீட்டு இல்லை, அவர்கள் தொட்ட குவளைக்குத் தீட்டு இருந்தது. தேநீர்க் கடைகளில் அவர்களுக்குப் போத்தலிலும் தகரக் குவளையிலும் தேநீர் ஊற்றப்பட்டது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதைத் தொடர்ந்த தேநீர்க் கடை, ஆலயப் பிரவேசப் போராட்டங்களும் யாருக்கு எந்தக் குவளை என்ற கேள்வியைத்தான் தெருவுக்குக் கொண்டுவந்தன. அந்தப் போராட்டங்களுக்குக் கொடுக்கப்பட்ட விலை உயிர்கள்.

1970களின் தொடக்கத்தில் தவறணைகள் குத்தகைக்காரர்களின் கையிலிருந்து சீவல் தொழிலாளர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வந்தன. வடக்கின் சமூக வரலாற்றில் அது பெரிய மாற்றம். இடைத்தரகரிடம் கடன்பட்டுக் கிடந்த குடும்பங்கள் சங்கத்தில் சேமித்தன, பிள்ளைகளைப் படிக்க வைத்தன. நண்பனின் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. அவரைப் படிப்பித்தது கள்ளுக் காசு. மகன் கணக்காளன் ஆனதற்கான முதல் படி ஒரு பனையின் அடியில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் மரத்தை விட்டு விலகியது தோல்வி அல்ல. அதற்காகத்தான் முந்திய தலைமுறை ஏறியது.

இதை எழுதும்போது வாசகர்களிடமிருந்து வரக்கூடிய ஒரு கோபத்தை நான் தட்டிக்கழிக்க முடியாது. "யுத்தத்தாலும் குடியாலும் அழிந்த வீடுகளுக்கு நடுவில் இருந்துகொண்டு கொக்டெயில் பற்றி எழுதுகிறாயா?" நியாயமான கோபம். இறுதி யுத்தத்துக்குப் பிறகு வன்னியில் குடி எத்தனை வீடுகளின் அமைதியைக் குலைத்தது என்று கிராமங்களுக்குப் போய் வரும் எந்தப் பத்திரிகையாளருக்கும் தெரியும். இழப்பை மறக்கக் குடித்தவர்கள் உண்டு. அதன் அடியை வாங்கியவர்கள் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். 2022 நெருக்கடிக்குப் பிறகு மதுவரி திரும்பத் திரும்ப உயர்ந்தது. வசதியில்லாதவர்கள் பலர் குடியை விடவில்லை, கசிப்புக்கு மாறினார்கள்.

அதே காலத்தில் மதுபானச்சாலை அனுமதிப்பத்திரங்கள் அரசியல் சன்மானமாகக் கைமாறின என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2024 டிசம்பரில் அரசாங்கம் நாடாளுமன்றத்தில் பட்டியலை வெளியிட்டபோது, கிளிநொச்சி போன்ற ஒரு மாவட்டத்துக்கு இத்தனை அனுமதிகளா என்று வடக்கே கேட்டது. அனுமதிப்பத்திரம் ஒன்று யாருக்குக் கிடைக்கிறது என்பதைக் கவனித்தால் இந்த வியாபாரத்தின் உண்மை முகம் தெரியும். பணமும் சிபாரிசும் உள்ளவருக்குக் கடை. குடிப்பவரின் வீட்டுக்குக் கடன். மரத்தில் ஏறுபவருக்கு இரண்டிலும் பங்கு இல்லை.

ஆகவே, கூடுதலாகக் குடிக்கச் செய்து பனைத் தொழிலை வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விற்கப்படுகிற போத்தலின் இலாபம் எங்கே போகிறது என்றுதான் கேட்கிறேன். மதுவை எதிர்ப்பவரும் இந்தக் கேள்வியைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

நண்பனின் மேசையிலேயே இன்னொரு விடையும் இருந்தது. அன்று எல்லோரும் இரண்டாம் தடவை கேட்டது சாராயத்தை அல்ல, பனங்கட்டிப் பாணியை. கருப்பநீரைக் காய்ச்சினால் பாணி, இன்னும் காய்ச்சினால் பனங்கட்டி. தென்னிலங்கை தன் கித்துள் பாணியைத் தயிரோடு சேர்த்து ஒவ்வொரு ஹோட்டல் மேசையிலும் வைத்துவிட்டது. பனம்பாணிக்கு அந்த இடத்தை நாம் இன்னும் தேடவில்லை. போதை இல்லாத இந்த வழியில் கிடைக்கும் வருமானம் எந்த வீட்டையும் உடைக்காது.

ஆனால், பாணியானாலும் சாராயமானாலும் ஒருவர் ஏறித்தான் ஆக வேண்டும். சில விடயங்களை இப்போதே பேச வேண்டும். விழுந்தால் சிகிச்சையும், குணமாகும் வரை வருமானமும் தரும் காப்புறுதி. விவசாயிகளுக்கும் மீனவர்களுக்கும் சட்டப்படி ஓய்வூதியத் திட்டம் இருக்கும் நாட்டில், ஐம்பது வயதில் முழங்கால் தேய்ந்துபோகும் சீவல் தொழிலாளிக்கும் அதற்கு ஈடான ஒன்று. கையால் ஏறும் முறையை மாற்றக்கூடிய பாதுகாப்பான ஏறு கருவிகள். வடிசாலை யாருக்குக் குத்தகைக்குப் போனாலும், கள்ளின் லீற்றர் விலையைத் தீர்மானிக்கும் மேசையில் சங்கங்களுக்கு ஒரு நாற்காலி. இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்பவர்கள், ஒரு போத்தலில் அரசாங்கம் எடுக்கும் வரியைப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று அரசாங்கத்தால் செய்ய முடியாது. நாம்தான் செய்ய வேண்டும்.

அன்று எல்லோரும் போன பிறகு நண்பன் குவளைகளைக் கழுவினான், நான் துடைத்து வைத்தேன். அம்மாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. "ஏன்டா, அம்மப்பா எண்டு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"சிங்கள ஆக்கள் மட்டும் இருந்திருந்தால் சொல்லியிருப்பன் மச்சான். அவைக்கு அது ஒரு நல்ல கதை. ஆனால் எங்கட யாழ்ப்பாணத்து ஆள் ஒருத்தர் இருந்தவர். ‘ஊரிலை எந்தப் பக்கம்’ எண்டு ஏற்கெனவே ரெண்டு தரம் கேட்டிட்டார். அவர் அடுத்த முறை என்ரை வீட்டிலை தண்ணி குடிப்பாரோ எண்டு நான் யோசிக்க வேண்டி வரும்."

ஒரு இனமாக நாம் அனுபவித்த இழப்புகளைப் பற்றி உலகத்திடம் பேச நம்மிடம் நிறைய இருக்கிறது. அந்த அறையில் என் நண்பன் பயந்தது இராணுவத்துக்கோ அரசாங்கத்துக்கோ அல்ல. அவன் கலந்து கொடுத்ததை ரசித்துக் குடித்த, அவனுடைய மொழியையே பேசிய ஒருவருக்கு.

இதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. பேரைப் போடாதை" என்றான். போடவில்லை.