சமதள மேடை ஆடம்பரமா?

மரங்களுக்கிடையே டிஸ்க்கை எறிந்து சங்கிலிக் கூடையில் விழவைக்கும் ஆட்டம் டிஸ்க் கோல்ஃப். அதற்கென்று முதல் நிரந்தரத் திடலை எட் ஹெட்ரிக் 1975இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் அமைத்தார். அமெரிக்காவில் புதிய திடல் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் எழும்: "இயற்கை நிலத்தில் ஆடும் ஆட்டத்துக்கு, முதல் எறிக்கென்று சமதள டீ மேடை எதற்கு? காசுக்கும் கேடு, காட்டுக்கும் கேடு." கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பகுதியிலும் பிழை இருக்கிறது.

காட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். எறிபவர் சில எட்டு ஓடிவந்து முன்காலை ஊன்றி, குதிகாலில் உடம்பைத் திருப்புகிறார். எல்லோரும் ஊன்றுவது ஏறக்குறைய ஒரே இடத்தில். புல் செத்து, மண் இறுகி, குழி விழுகிறது. மழையில் அது சேறாகிறது. அடுத்தவர் ஓரடி தள்ளி நிற்கிறார், அங்கேயும் குழி. மொட்டை நிலம் இப்படிப் பரவிப் பரவி மரவேர்களை வெளியே கொண்டுவந்துவிடும். மேடை இருந்தால் அத்தனை மிதியையும் அதுவே வாங்கிக்கொள்ளும். சாதாரண கோல்ஃபில்கூட டீ நிலத்தைச் சமன்செய்து, புல் தேறுவதற்காக அடையாளக் கட்டைகளை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். தன்னார்வலர்கள் பராமரிக்கும் திடலில் அதற்கு ஆள் ஏது?

சரிவைச் சமாளிப்பதும் திறமைதானே என்பார்கள். ஆம், அந்தச் சோதனை இரண்டாம் எறியிலிருந்து தாராளமாகக் கிடைக்கிறது. தொடக்கம் மட்டும் காலையில் முதலில் எறிபவருக்கும் மாலையில் கடைசியாக எறிபவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செலவு உண்மையான கவலை. 1.8 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம், 10 செ.மீ. கனத்தில் ஒரு கான்கிரீட் மேடை ஒன்றரை டன்னைத் தாண்டும். லாரி நுழையாத காட்டில் ஒரு திடலின் 18 மேடைக்கு அதைத் தள்ளுவண்டியில் சுமப்பது பெரும்பாடு. ஆனால் சமதளம் வேண்டும் என்றால் கான்கிரீட்தான் வேண்டும் என்று யார் சொன்னது? மரச்சட்டம் அடித்து, ஜல்லிப்பொடியை அடுக்கடுக்காகக் கொட்டித் திமிசு போட்டு, மேலே செயற்கைப் புல் விரித்தாலும் நல்ல மேடைதான். கான்கிரீட் மூட்டுகளைப் பதம்பார்க்கும் என்பவர்களுக்கும் இதுவே பதில்: அது மேற்பரப்பின் குறை, சமதளத்தின் குறை இல்லை.

இந்த எதிர்ப்பு வலுப்பெறக் காரணம், அரைகுறையாகக் கட்டப்பட்ட மேடைகள். ரசமட்டம் வைத்துப் பலகை போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். துளியும் வாட்டமில்லாத மேடையில் தண்ணீர் தேங்கும், குளிர்காலத்தில் உறையும். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் பக்கவாட்டில் வாட்டம் கொடுத்தால் காலுக்குத் தெரியாது, தண்ணீர் வடிந்துவிடும். கான்கிரீட் இறுகுமுன் துடைப்பத்தைக் குறுக்கே இழுத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். விளிம்பில்தான் ஆபத்து அதிகம். டிஸ்க் கையைவிட்டுப் போகும் கணத்தில் மட்டும் கால் மேடைக்குள் இருந்தால் போதும் என்கிறது விதி. ஆகவே ஓட்டம் மேடைக்குப் பின்னாலேயே தொடங்கலாம். எறிந்த வேகத்தில் கால் முன்னே தாண்டியும் விழலாம். சரிவில் மேடையைத் தூக்கிக் கட்டி, முன்னே ஒரு சாண் பள்ளத்தை விட்டுவைத்தால் கணுக்கால் பிசகும். முன்னும் பின்னும் மண்ணை மேடை மட்டத்துக்கு நிரப்பி இறுக்குவது கட்டாயம். தேவையானால் தடுப்புச் சுவரும் வேண்டும். மேடையின் திசையும் டிஸ்க் பறக்க வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். மரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் கூடையை நோக்கிக் கட்டிவிட்டால், ஒவ்வொருவரும் குறுக்காக ஓடி ஓரத்தில் தடுக்குவார்கள்.

திடல் அமைக்கும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினெட்டுக்கும் காசில்லை என்றால் சரிவும் சேறும் மிகுந்த நான்கைந்து டீக்களை இந்த ஆண்டு முறையாகக் கட்டுங்கள். மற்றவை அடுத்த ஆண்டு வரட்டும்.