முன்கூட்டியே வந்த கடிதம்

கடந்த டிசம்பர் கடைசி வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, டெங்கிலிலிருந்து அண்ணன் அழைத்தார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

"பாப்பாவுக்குக் காலேஜ் கிடைச்சிருச்சு. லெட்டர் வந்திருக்கு. முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள கட்டணும். கொஞ்சம் பணம் பத்தல, அதான் உன்கிட்ட கேக்கிறேன்."

எனக்குக் குழப்பமாக இருந்தது. எஸ்.பி.எம். எழுத்துத் தேர்வு ஜனவரியில்தான் தொடங்க இருந்தது. தேர்வே எழுதாத பிள்ளைக்கு எப்படி இடம் கிடைத்தது? கேட்டேன். பேரங்காடியில் நடந்த கல்விக் கண்காட்சிக்குப் போனார்களாம். பள்ளியில் எழுதிய முன்னோட்டத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொடுத்தார்களாம். ஒரே வாரத்தில் கடிதம் வந்துவிட்டதாம். ஆண்டு முடிவதற்குள் கட்டினால் கட்டணத்தில் கழிவும் உண்டாம்.

மறுநாளே புறப்பட்டுப் போனேன்.

எங்கள் கதையைச் சொன்னால்தான் அண்ணனின் அவசரம் உங்களுக்குப் புரியும். எங்கள் அப்பா பிராங் பெசார் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் தொடங்கிய தோட்டம் அது. பெயரின் பொருளே 'பெரும் போர்'. புத்ராஜெயா எழும்பியபோது பிராங் பெசார், கல்லோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டத்து மக்களும் வெளியேறி, டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு வந்தார்கள். சொந்தமாக ஒரு தரைவீடு கிடைக்கும் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தவர்கள் அவர்கள். அண்ணனும் அவர்களில் ஒருவர்.

அவர் மேசைமேல் வைத்த கடிதத்தை வாசித்தேன். நல்ல தாள், வண்ண முத்திரை, முதல் வரியிலேயே வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில்தான் சங்கதி இருந்தது. இது நிபந்தனையுடன் கூடிய இடம். எஸ்.பி.எம். தேர்வில் குறிப்பிட்ட பாடங்களில் கிரெடிட் பெற்றால்தான் செல்லும். கட்டிய பதிவுக் கட்டணம் திரும்பக் கிடைக்காது.

இப்படிக் கடிதம் கொடுப்பது தவறில்லை. உலகம் முழுக்க உள்ள வழக்கம்தான். இங்கிலாந்தில் ஆசிரியர்கள் கணித்துச் சொல்லும் மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழகங்கள் நிபந்தனையோடு இடம் தருகின்றன. ஆகஸ்டில் ஏ-லெவல் முடிவு வந்த பிறகுதான் அது உறுதியாகிறது. அமெரிக்காவில் நவம்பரில் விண்ணப்பித்து டிசம்பர் நடுவில் முடிவு தெரிந்துகொள்ளும் முறை உண்டு. அதில் ஒரு வகை, மாணவரைக் கட்டிப்போடும் வகை. ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் அப்படி விண்ணப்பிக்கலாம், இடம் கிடைத்தால் போயாக வேண்டும். நம் ஊரில் வரும் கடிதம் அப்படி யாரையும் கட்டிப்போடுவதில்லை. ஆனால் நாம் கட்டும் பணம் கட்டிப்போட்டுவிடுகிறது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே அப்படிக் கட்டுண்டவள்.

2002-இல் நான் ஐந்தாம் படிவம். அந்த ஆண்டும் இதே போல ஒரு கடிதம் வந்தது. அப்பா யோசிக்கவே இல்லை. அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. மார்ச்சில் முடிவு வந்தபோது என் கூடுதல் கணிதம் கிரெடிட் தொடவில்லை. நான் சேர இருந்த படிப்புக்கு அது கட்டாயம். வேறு படிப்புக்கு மாறலாம், ஆனால் கட்டணம் அதிகம் என்றார்கள். கட்டிய பணம் திரும்பவில்லை. சங்கிலியும் திரும்பவில்லை. நான் ஆறாம் படிவம் போய், எஸ்.டி.பி.எம். எழுதி, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அந்த ஆண்டுகளில் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் இரவு வேலை பார்த்து எனக்குப் பேருந்துக் காசு கொடுத்தவர் இதே அண்ணன்தான்.

அதையெல்லாம் நினைவுபடுத்தி, "கொஞ்சம் பொறுங்க அண்ணே. ரிசல்ட் வரட்டும்" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது.

"பொறு, பொறுன்னு எத்தனை பேர்மா சொல்லுவீங்க? வீட்டுக்குப் பொறுத்தாச்சு. எட்டு ஏ எடுத்த பக்கத்து வீட்டுப் பையன் மெட்ரிகுலேசனுக்கு எழுதிப் போட்டுட்டுக் காத்திருந்தான். கிடைக்கல. இப்ப கடையில நிக்கிறான். இது கையில இருக்கிற லெட்டர். இதை விடச் சொல்றியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. மெட்ரிகுலேசன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும். 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுத்த மாணவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேசன் இடம் உண்டு என்று 2024 ஜூனில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். நல்ல செய்திதான். ஆனால் ஏழு ஏ, எட்டு ஏ எடுக்கும் பிள்ளைக்கு அந்த உறுதி கிடையாது. நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அந்தப் பிள்ளைகள்தாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது பாப்பா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அண்ணன் தேநீர் குடிக்க எழுந்து போனதும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தே, எனக்கு அந்தக் கோர்ஸ் பிடிக்குமான்னே தெரியல. கண்காட்சியில அந்த அக்கா நல்லாப் பேசுனாங்க, நானும் சரின்னேன். இப்ப அப்பா சேமநிதியில இருந்து எடுத்துக் கட்டிட்டார்னா, அப்புறம் நான் எப்படி வேற கேக்கிறது?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பத்தியை எழுதுகிறேன். முன்கூட்டியே கட்டும் பணத்தில் ஆபத்து இருப்பது பணம் போவதில் மட்டுமல்ல. பிள்ளையின் வாய் அடைபட்டுப் போகிறது. என் அம்மாவின் கழுத்து வெறுமையாக இருந்த அந்த ஆண்டில், எனக்குக் கணக்கு பிடிக்கவில்லை என்று நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பலரும் பிழைத்திருப்போம்.

அன்று இரவு நாங்கள் நால்வரும் உட்கார்ந்து பேசினோம். அம்மாவும் கூட இருந்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்ததால் கடிதத்தை விடவில்லை. இழந்தாலும் தாங்கக்கூடிய 500 ரிங்கிட் பதிவுக் கட்டணத்தை மட்டும் கட்டினார். கட்டும் முன் கல்லூரிக்கு மின்னஞ்சல் எழுதி மூன்று கேள்விகள் கேட்டோம். நிபந்தனை நிறைவேறாவிட்டால் எவ்வளவு திரும்பும்? அரசாங்க இடம் கிடைத்துப் போனால் எவ்வளவு திரும்பும்? மீதிக் கட்டணத்தை முடிவு வந்தபின் கட்டலாமா? பதில் எழுத்தில் வந்தது. மூன்றாவது கேள்விக்குக் கட்டலாம் என்றார்கள், கழிவு மட்டும் குறையும். சேமநிதியின் ஃப்ளெக்சிபல் கணக்கில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால்தான் அண்ணனுக்கு அந்தப் பணம் கண்முன் நின்றது. ஏப்ரல் வரை அதைத் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. பதிவேட்டில் இருக்கிறதா என்றும் பாப்பாவே இணையத்தில் தேடிப் பார்த்தாள். இருந்தது. அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடைக்காது. கண்காட்சியில் யாரும் இதைக் கேட்பதில்லை.

பிறகு மற்றக் கதவுகள். மெட்ரிகுலேசனுக்கு ஒரு விண்ணப்பம். யு.பி.யு. வழியாக அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் ஒரு விண்ணப்பம். இவை எஸ்.பி.எம். முடிவுக்கு முன்பே திறக்கும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. முடிவு வந்தபின் தெரிவுகளை மாற்றிக்கொள்ளவும் அவகாசம் தருகிறார்கள். யு.பி.யு. புள்ளியில் 90 விழுக்காடு பாட மதிப்பெண், 10 விழுக்காடு புறப்பாடம். பாப்பாவின் வலைப்பந்துச் சான்றிதழ் அலமாரியில் பழைய நாளிதழுக்கு அடியில் கிடந்தது. தேடி எடுத்து, நகல் எடுத்து, பள்ளியில் முத்திரை வாங்கி வைத்தோம்.

ஆறாம் படிவத்தைப் பட்டியலில் கடைசியாக எழுதினாள். "தோத்தவங்க போற இடம்னு பிள்ளைங்க சொல்லுதுங்க அத்தே" என்றாள். நான் சிரித்தேன். உன் அத்தை அங்கே போனவள்தான் என்றேன். இப்போது அது மூன்று பருவங்களாகப் பிரிந்த ஒன்றரை ஆண்டுப் படிப்பு. அரசாங்கப் பள்ளியில் நடக்கிறது. அடகு வைக்க எதுவும் வேண்டியதில்லை.

ஏப்ரல் 24-ஆம் தேதி முடிவு வந்தது. பத்துப் பாடங்கள் எடுத்தவள், எட்டில் ஏ. தமிழிலும் ஏ. கூடுதல் கணிதத்தில் பி. எட்டை விட்டுவிட்டு அந்த ஒன்றுக்காக அழுதாள். அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போயிருந்தார். அவர் அனுப்பிய படத்தில் மகள் அழுகிறாள், அப்பா சிரிக்கிறார்.

அன்று மாலை முடிவுத் தாளைத் தனியார் கல்லூரிக்கு அனுப்பினார்கள். நிபந்தனை நிறைவேறியது, இடம் உறுதி என்று பதில் வந்தது. இப்போது அண்ணன் கட்டியிருக்கலாம். கட்டவில்லை. "அவ சொல்லட்டும்" என்றார். அவள் இரண்டு நாள் யோசித்தாள். தாதிமைப் படிப்புப் பக்கம் போக ஆசை என்று அப்பாவிடம் முதன்முறையாகச் சொன்னாள். அதன்படி யு.பி.யு. தெரிவுகளை மாற்றினாள். தனியார் கடிதம் கோப்பில் இருக்கிறது, கடைசித் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்கள்.

இதை எழுதும்போது மெட்ரிகுலேசன் பதிலும் வரவில்லை, யு.பி.யு. பதிலும் வரவில்லை. இரண்டும் கிடைக்காமலும் போகலாம். மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது, அதற்குரிய தாள்களும் அதே கோப்பில் இருக்கின்றன. வீட்டில் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். "என்ன ஆச்சு?" என்று பாப்பாவிடம் யாரும் தினமும் கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை இரவு மட்டும் அவளே சொல்வாள். இந்த விதியை அதிகம் மீறுவது அம்மாதான். தொலைக்காட்சித் தொடரின் இடைவேளையில் மெதுவாக ஆரம்பிப்பார்.

உங்கள் வீட்டிலும் இந்த ஆண்டு இப்படி ஒரு கடிதம் வந்திருக்கலாம், அல்லது வரும் டிசம்பரில் வரலாம். வந்தால் மகிழுங்கள். பிறகு இரண்டாம் பக்கத்தையும் வாசியுங்கள். பணம் எடுக்கப் போகும் முன் பிள்ளையை உட்காரவைத்து, உனக்கு இது பிடித்திருக்கிறதா என்று ஒரு முறை கேளுங்கள்.

போன வாரம் அண்ணனிடம் பேசியபோது, காத்திருப்பது எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா வீட்டுக்குக் காத்திருந்த மாதிரி இல்ல. அப்ப யாரோ சொல்லுவாங்கன்னு உட்கார்ந்திருந்தோம். இப்ப நாலு இடத்துல எழுதிப் போட்டிருக்கோம் பாரு" என்றார்.

பின்னால் பாப்பாவின் குரல் கேட்டது. ஆறாம் படிவத்துக்கு எந்தப் பள்ளி கிட்டத்தில் இருக்கிறது என்று அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.