சோற்றில் இரும்பு; தட்டில் பருப்பு எங்கே?

ரேஷன் கடைகள், அங்கன்வாடிகள், பள்ளி மதிய உணவு ஆகியவற்றின் வழியாகச் செறிவூட்டிய அரிசி வழங்கும் திட்டத்தை 2028 டிசம்பர் வரை நீட்டிக்க ஒன்றிய அமைச்சரவை 2024 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. இதற்கான செலவு 17,082 கோடி ரூபாய். அரிசி மாவுடன் இரும்பு, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து, அரிசி வடிவில் வார்த்தெடுத்த மணிகளை நூறு கிலோவுக்கு ஒரு கிலோ வீதம் சாதாரண அரிசியோடு கலப்பது இத்திட்டம். இதனைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்பது வெறும் வதந்தி. நாம் எழுப்பும் கேள்வி வேறு.

நோய் உண்மையானது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 2015-16இல் 53.1 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது; 2019-21இல் அது 57 விழுக்காடு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே 58.6 விழுக்காட்டிலிருந்து 67.1ஆக உயர்ந்தது.

பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. ஆனால் அதன் பெரும்பகுதி புரதமே. சிவப்பணுக்கள் உருவாக ஃபோலிக் அமிலமும் பி12உம் வேண்டும். தாவர உணவிலுள்ள இரும்பைக் குடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி துணைபுரிகிறது. உணவோடு அருந்தும் தேநீர் அதைத் தடுக்கிறது. வெறுங்காலுடன் வயலில் நிற்கும் தொழிலாளியின் குடலில் கொக்கிப்புழு இரத்தம் உறிஞ்சிக்கொண்டிருந்தால், உண்ட இரும்பும் வீணே. ஆகவே பருப்பும் கீரையும் கனியும் மட்டுமல்ல, காலுக்குச் செருப்பும் வீட்டுக்குக் கழிப்பறையும் இரத்தசோகைக்கு மருந்துகளே.

வரலாறும் இதையே சொல்கிறது. டச்சு ஆட்சியிலிருந்த ஜாவாவில் 1890களில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளின் கால்கள் துவள்வதையும், தவிட்டோடு கூடிய அரிசி தின்றவை தேறுவதையும் மருத்துவர் எய்க்மான் கண்டார். தீட்டிய அரிசி உண்ட சிறைக் கைதிகளிடையேதான் பெரிபெரி நோய் மிகுந்திருந்தது என்பதும் பின்னர் தெரியவந்தது. வைட்டமின் பற்றிய அறிவியல் அங்கிருந்து வளர்ந்தது. தவிட்டை நீக்கியபோது இழந்தவற்றில் சிலவற்றை ஆலையிலேயே மீண்டும் கலந்து தருவது இத்திட்டத்தின் ஏற்பாடு.

உணவில் நுண்சத்துகளைச் சேர்ப்பதையே நாம் எதிர்க்கிறோம் என்று பொருளல்ல. இமயமலை அடிவாரத்தில் மண்ணிலேயே அயோடின் குறைவு. அங்கு விளைந்ததை எவ்வளவு உண்டாலும் முன்கழுத்துக் கழலை வந்தது. 1956இல் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பால் அதைத் தடுக்கலாம் என்று காட்டியது. மண்ணின் குறையை உப்பு தீர்த்தது. கூலியின் குறையை அரிசி மணி தீர்க்காது.

மேலும், அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளின் உடலில் இரும்பு தேங்கி இதயத்தையும் கல்லீரலையும் சிதைக்கிறது. இவர்களுக்கும், பழங்குடி மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் அரிவாள்செல் சோகை நோயாளிகளுக்குமான எச்சரிக்கை வாசகத்தை 2018ஆம் ஆண்டின் விதிகள் முன்பு கட்டாயமாக்கியிருந்தன. ஆனால் மூட்டையிலிருந்து அளந்து போடும் ரேஷன் அரிசியில் அந்த வாசகத்தை யார் படித்தது? வேறு அரிசி வாங்க இயலாதவர்க்குத் தேர்வுதான் ஏது?

அரசின் முரண்பாடு இங்கே வெளிப்படுகிறது. பி12 தாவர உணவில் இல்லை. பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே கிடைக்கிறது. ஆனால் அங்கன்வாடியில் முட்டை வழங்கும் யோசனையை 2015இல் மத்தியப் பிரதேச பாஜக அரசு நிராகரித்தது. தட்டில் முட்டைக்குத் தடை. அரிசியில் பி12க்கு விளம்பரம்! தொடக்கப் பள்ளிக் குழந்தையின் மதிய உணவில் பருப்பு, காய்கறி, எண்ணெய், எரிபொருள் அனைத்துக்குமாக நாளொன்றுக்கு 5.45 ரூபாய் ஒதுக்கப்பட்டது. இரண்டாண்டுகளுக்குப் பின், 2024 டிசம்பர் முதல், அது 74 பைசா உயர்ந்து 6.19 ஆயிற்று. இதற்கிடையே, இரத்தம் எடுக்கும் முறை சரியில்லை என்று காரணங்கூறி, ஆறாவது குடும்பநல ஆய்விலிருந்து இரத்தசோகைப் பரிசோதனையே நீக்கப்பட்டது. பழைய கணக்கோடு ஒப்பிட்டுத் திட்டத்தின் பயனை மக்கள் அறியும் வழியும் அடைபட்டது.

ரேஷனில் பருப்பும் எண்ணெயும் சிறுதானியமும் வழங்குக. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் முட்டையும், அது உண்ணாதவர்க்குப் பாலும் கனியும் தருக. அரிவாள்செல் சோகை, தலசீமியா நோயாளிகளுக்குச் சாதாரண அரிசியை உறுதிசெய்க. இரத்தசோகைக் கணக்கெடுப்பை வெளிப்படையாக நடத்துக. கிளைதோறும் தோழர்கள் ரேஷன் கடை வாசலில் மக்களிடம் பேச வேண்டியவை இவையே. வதந்தியை அறிவியலால் மறுப்போம். வயிறாரச் சத்துள்ள உணவு உண்ணும் உரிமையைப் போராடிப் பெறுவோம்.