தூக்குக்கு முன்னால் போய்ச் சேரட்டும் நம் குரல்

மணமேல்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், அதிராம்பட்டினம் தாண்டி தம்பிக்கோட்டை. மலாயா கணபதி பிறந்த ஊர். நடத்துநராக இருந்த காலத்தில் அந்த ஊருக்கு எத்தனையோ டிக்கெட் கொடுத்திருக்கிறேன். கணபதி யார் என்று பஸ்ஸில் கேட்டால், சொல்ல ஓரிருவர்கூட இருக்க மாட்டார்கள்.

எனக்குச் சொன்னவர் என் தாய்மாமா. சிலாங்கூர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அறந்தாங்கிக்குத் திரும்பி வந்து இருபது வருஷம் ஆன பிறகும், சங்கம் என்ற சொல்லை வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் உச்சரிப்பார். கடல் கடந்து வந்தும் அந்தப் பயம் அவரை விடவில்லை.

எஸ்.ஏ. கணபதி சிறு வயதிலேயே சிங்கப்பூர் போனவர். நேதாஜியின் படையில் இருந்தவர். போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். ஒரே வேலைக்குச் சீனருக்கு ஒரு கூலி, தமிழருக்கு அதைவிடக் குறைந்த கூலி என்றிருந்த நாட்கள் அவை. அவர்களை ஒரே கொடியின் கீழ் நிறுத்தியதைத்தான் தோட்டத் துரைமாரால் தாங்க முடியவில்லை. 1948 ஜூனில் சம்மேளனத்துக்குத் தடை, அதே மாதம் அவசரநிலை. துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மார்ச்சில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

இந்திய அரசு உயிர்ப்பிச்சை கேட்டது. லண்டனில் நம் ஹைகமிஷனராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் முயன்று பார்த்தார். அந்த ஏப்ரல் கடைசியில்தான் நேரு லண்டன் மாநாட்டில் இந்தியா காமன்வெல்த்தில் தொடரும் என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வாரமே, மே 4ஆம் தேதி, கோலாலம்பூர் புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

இதோடு நிறுத்தினால், குரல் கொடுத்து என்ன பயன் என்றுதான் தோன்றும். ஆனால் சாம்பசிவம் என்ற இன்னொரு தமிழர் இருக்கிறார். அவருக்கும் ஆயுத வழக்குதான், தூக்குத் தண்டனைதான். கணபதிக்காக எழுந்த கொதிப்பு இங்கே அடங்காத நேரம் அது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1950இல் தண்டனை ரத்தானது. ஒரே அவசரநிலைச் சட்டத்தில் ஒருவர் செத்தார், ஒருவர் பிழைத்தார். இடையில் கிடைத்த அவகாசம் எவ்வளவு பெரிய விஷயம்!

நம் காலத்திலும் இப்படி ஒரு போராட்டம் உண்டு. ஈரானின் தெஹ்ரானில் பஸ் தொழிலாளர் சங்கம் கட்டிய மன்சூர் ஒசான்லூவை 2005இல் தாக்கி நாக்கைக் கிழித்தார்கள். பிறகு சிறையில் அடைத்தார்கள். சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் வருஷக்கணக்கில் விடாமல் போராடியது. 2011இல் வெளியே வந்தார். ஸ்டீயரிங் பிடித்தவனுக்கும் டிக்கெட் கிழித்தவனுக்கும் நாக்கைக் கிழித்த அந்தச் செய்தி எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

பஞ்சப்படி பாக்கியே வந்தபாடில்லை, ஈரானைப் பற்றி என்ன பேச்சு என்று வாயிற்கூட்டத்தில் தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ ஆள் போகாத தெரு எது? சவுதியிலும் அமீரகத்திலும் தொழிற்சங்கம் வைக்கவே அனுமதி இல்லை. அங்கே சம்பளப் பாக்கி கேட்டு வேலையை நிறுத்தினால், நம் பிள்ளையை அடுத்த விமானத்தில் ஏற்றிவிடலாம். அவனுக்காக யார் பேசுவது?

சங்கம் அமைக்கும் உரிமைக்கான சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 87ஆவது உடன்படிக்கை 1948இல் வந்தது. கூட்டுப்பேர உரிமைக்கான 98ஆவது, கணபதி இறந்து இரண்டே மாதத்தில் வந்தது. கணபதியின் உயிருக்காக மன்றாடிய இந்தியா இரண்டையும் இன்றுவரை முறைப்படி ஏற்கவில்லை. ஏற்காத நாடு வளைகுடா அரசுகளிடம் எந்த முகத்தோடு பேசும்? நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். சங்கங்களும் ஆண்டுப் பேரவையில் கடைசித் தீர்மானமாக இதை ஒப்புக்கு வாசிக்கக் கூடாது. எங்காவது ஒரு தொழிற்சங்கத் தோழர் கைதானார் என்ற செய்தி வந்த அன்றே அந்த நாட்டுத் தூதரகத்துக்குக் கடிதம் போக வேண்டும். அறந்தாங்கி பணிமனைக் கிளையின் முத்திரையோடு முதல் கடிதம் போகட்டும்.