பெயர்களைச் சொன்னால் பிழைக்கலாம்!

'தி குரூசிபிள்' என்று ஓர் அமெரிக்கப் படம். 1996-ல் வெளிவந்தது. தட்டார் பொன்னை உருக்க நெருப்பில் வைக்கும் மூசைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நிக்கோலஸ் ஹைட்னர் டைரக்ட் செய்தார். கதை வசனம் ஆர்தர் மில்லர். 1953-ல் மேடையேறிய தமது நாடகத்தையே அவர் படத்துக்காகத் திருத்திக் கொடுத்தார். டேனியல் டே லூயிஸ் கதாநாயகன் ஜான் பிராக்டராக நடித்தார்.

கதை நடக்கும் ஊர் சேலம். நம் சேலம் அல்ல. அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் பகுதியில் உள்ள சேலம். காலம் 1692. அப்போது அது பிரிட்டிஷ் குடியேற்றம். சூனியம் வைத்தார்கள் என்று அங்கே 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். அவர்களில் 14 பேர் பெண்கள். இன்னொருவரைக் கல்லேற்றிக் கொன்றார்கள். குறைந்தது 5 பேர் சிறையில் மாண்டார்கள். 150 பேருக்கு மேல் குற்றஞ்சாட்டப்பட்டார்கள்.

இந்தக் கதையைக் கேட்டவுடன் படித்தவர்கள் ஒரு தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "பாமர ஜனங்களுக்கு வெறி பிடித்தால் இப்படித்தான்!" என்கிறார்கள்.

அப்படியா? வெறி பிடித்தது உண்மை. ஆனால் வாரண்டில் கையெழுத்துப் போட்டது யார்? தூக்குத் தண்டனையை எழுதியது யார்? பழியைப் பாமர ஜனங்கள் தலையில் கட்டிவிட்டு ஜட்ஜுகள் நழுவிவிடலாமா? அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

சேலம் கிராமத்துப் பாதிரியார் சாமுவேல் பாரிஸ். அவருக்கும் ஊராருக்கும் சம்பளத் தகராறு. அவருக்குச் சம்பளம் கொடுக்க வரி வசூலிக்க மாட்டோம் என்று 1691 அக்டோபரில் ஊர்க் கமிட்டி கையை விரித்துவிட்டது. குளிர்காலத்துக்கு விறகு கூட ஒழுங்காக வரவில்லை. "ஊருக்குள் சாத்தான் புகுந்துவிட்டான்" என்று பாதிரியார் பிரசங்கம் செய்யலானார். அடுத்த சில மாதங்களில் அவர் வீட்டிலேயே இரண்டு சிறுமிகளுக்கு இழுப்பும் அலறலும் வந்தன. ஒருத்தி அவர் மகள், 9 வயது. இன்னொருத்தி உறவுக்காரப் பெண் அபிகேல், 11 வயது.

சிறுமிகள் அலறினால் சட்டம் அசையுமா? அசையாது. 1692 பிப்ரவரி 29-ந் தேதி நான்கு ஆண்கள் மாஜிஸ்டிரேட்டுகளிடம் போய் முறைப்படி புகார் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் தாமஸ் பட்னம். நிலபுலன் உள்ள குடும்பம். பல குடும்பங்களோடு எல்லைத் தகராறு, சொத்துத் தகராறு. அவரைப் போன்றவர்கள் புகார் எழுதினார்கள். மாஜிஸ்டிரேட்டுகள் வாரண்டு பிறப்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் வெறிக்குக் கையும் காலும் முளைத்தன.

முதலில் பிடிபட்டவர்கள் மூன்று பெண்கள். டிடூபா, பாதிரியார் வீட்டு அடிமை. சாரா குட், வீடு வீடாய்ப் பிச்சை கேட்டுப் பிழைத்தவர். சாரா ஆஸ்பர்ன், சொத்துத் தகராறில் சிக்கிய நோயாளி. பார்த்தீர்களா தோழர்களே! சாத்தான் ஊருக்குள் நுழைந்ததும் நேராக எங்கே போனானாம்? அடிமையிடமும் பிச்சைக்காரியிடமும் போனானாம். சாரா குட்டின் மகள், 4 வயதுக் குழந்தை, அவளையும் சூனியக்காரி என்று விலங்கு மாட்டி மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். தாயைத் தூக்கில் போட்டார்கள்.

முக்கியச் சாட்சியம் என்ன? "இவளுடைய ஆவி ராத்திரி வந்து என்னைக் கிள்ளியது." அவ்வளவுதான். ஆவி வந்தது கிள்ளப்பட்டவருக்கு மட்டுமே தெரியும். நான் வீட்டில் படுத்திருந்தேன் என்று எதிரி சொன்னால், உடம்பு வீட்டில் இருந்திருக்கும், ஆவிதானே வந்தது என்பார்கள். இதற்கு எந்த வக்கீலாலும் பதில் சொல்ல முடியாது. வக்கீலும் அங்கே கிடையாது.

இந்த வழக்குகளில் ஒரு விசித்திரம் உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர்களில் ஒருவர் கூடத் தூக்கில் தொங்கவில்லை. "நான் சூனியக்காரி அல்ல" என்று உண்மையைச் சொன்னவர்கள்தான் தொங்கினார்கள். பொய் சொன்னால் உயிர், மெய் சொன்னால் கயிறு! ஆனால் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. கூட இருந்தவர்கள் யார் என்று கேட்பார்கள். பெயர்கள் வேண்டும். டிடூபா தன்னோடு வேறு சிலரும் உண்டு என்றார். எஜமான் அடித்து அப்படிச் சொல்லவைத்தார் என்று அவர் பின்னால் கூறியதாக, அந்தக் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். ஒருவர் சொன்ன பெயர் இன்னொருவரைப் பிடித்தது. அவர் தப்பிக்க வேறு இருவரைச் சொன்னார். வெறி பரவிய வழி இதுதான். கோர்ட்டே அதற்கு எண்ணெய் வார்த்தது.

ஜான் பிராக்டரின் வீட்டுக்கு நடந்ததைப் பாருங்கள். அவரும் மனைவியும் சிறையில் இருக்கும்போதே ஷெரிப் வந்தான். தானியத்தையும் மாட்டையும் ஜப்தி செய்தான். பீப்பாயில் இருந்த பீரைக் கொட்டிவிட்டுப் பீப்பாயை எடுத்துக்கொண்டான். அடுப்பில் இருந்த கஞ்சியைக் கவிழ்த்துவிட்டுச் சட்டியைத் தூக்கிப் போனான். பிள்ளைகளுக்கு மிச்சம் ஒன்றுமில்லை. இதுவும் அன்றைக்கே எழுதி அச்சான செய்தி. ஏற்கெனவே ஜப்தி கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கைல்ஸ் கோரி 80 வயதுக் கிழவர். கோர்ட்டில் குற்றவாளி என்றும் சொல்லவில்லை, குற்றவாளி அல்ல என்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாவிட்டால் வழக்கு நடத்த முடியாது. வாயைத் திறக்கவைக்க அவர் மார்பின் மேல் கல்லுக்கு மேல் கல்லாக ஏற்றினார்கள். கிழவர் இறந்தார், அந்த விசாரணையை ஏற்கவே இல்லை.

இந்தக் கொடுமை எப்போது நின்றது? ஏழைகள் செத்தபோது நிற்கவில்லை. பெரிய மனிதர்களின் பெயர்கள் வரத் தொடங்கின. கவர்னர் பிப்ஸின் மனைவி பெயரும் அடிபட்டது. பெரிய பாதிரிகளும் தங்கள் சந்தேகத்தை அழுத்திச் சொன்னார்கள். 1692 அக்டோபரில் கவர்னர் அந்தக் கோர்ட்டைக் கலைத்தார். அடுத்த ஆண்டு ஆவிச் சாட்சியத்தை ஒதுக்கி வைத்து விசாரித்தார்கள். பெரும்பாலோர் நிரபராதிகள் என்று விடுதலை ஆனார்கள். ஆனால் சிறையில் தின்ற சோற்றுக்குக் கட்டணம் கட்டினால்தான் கதவு திறக்கும்! ஜட்ஜுகளில் சாமுவேல் சூவல் ஒருவர் 1697-ல் கோயிலில் எழுந்து நின்று பழியை ஏற்றார். பிரதம ஜட்ஜ் ஸ்டௌட்டன் கடைசி வரை வருந்தவில்லை. அவர் பின்னால் தற்காலிகக் கவர்னராகவும் ஆனார்.

இனி படத்துக்கு வருவோம். படத்தில் பெரிய குறை ஒன்று உண்டு. உண்மையில் பிராக்டருக்கு வயது 60, அபிகேலுக்கு 11. மில்லர் அவரை இளைஞராகவும் இவளைக் குமரியாகவும் ஆக்கி, இருவருக்கும் கள்ள உறவு இருந்ததாகக் கற்பனை செய்துவிட்டார். அதனால் அத்தனை உயிர்ச்சேதத்துக்கும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஆசைதான் காரணம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றுகிறது. பட்னத்தின் நிலப்பசியும் பாதிரியாரின் விறகுச் சண்டையும் படத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் காதல் கதை அவற்றை மறைத்துவிடுகிறது.

ஆனாலும் படத்தின் கடைசிப் பகுதிக்காக எல்லாவற்றையும் பொறுக்கலாம். உயிருக்கு ஆசைப்பட்டுப் பிராக்டர் பொய் வாக்குமூலம் கொடுக்க இசைகிறார். கூட இருந்தவர்கள் பெயரைச் சொல் என்கிறார் ஜட்ஜ். அங்கேதான் அவர் மறுக்கிறார். பிறகு கையெழுத்துப் போட்ட காகிதத்தையும் கிழித்தெறிந்துவிட்டுத் தூக்குமேடைக்கு நடக்கிறார்.

மில்லர் இதைச் சும்மா எழுதவில்லை. அவர் நாடகம் எழுதிய நாட்களில் அமெரிக்காவில் வேறு வேட்டை நடந்தது. அது கம்யூனிஸ்டு வேட்டை. பிரதிநிதிகள் சபையின் கமிட்டி ஒன்று எழுத்தாளர், நடிகர், ஆசிரியர், தொழிற்சங்கக்காரர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தது. அந்தக் கேள்வி அப்படியே சேலத்துக் கேள்வி: "கூட இருந்தவர்கள் யார்? பெயரைச் சொல்!" மில்லரின் நண்பர் டைரக்டர் எலியா கசான் 1952-ல் பெயர்களைச் சொன்னார், அவர் பிழைப்பு நடந்தது. மில்லரையும் 1956-ல் கூப்பிட்டார்கள். என்னைப் பற்றிக் கேளுங்கள், மற்றவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றார். 1957-ல் அவமதிப்புக் குற்றம் என்று தீர்ப்பாயிற்று; 1958-ல் அப்பீலில் அது ரத்தாயிற்று.

அதே 1957-ல் பிரான்சில் இந்த நாடகம் முதல் தடவையாகப் படமாக வந்தது. கிழக்கு ஜெர்மனியின் சர்க்கார் ஸ்டூடியோவும் அதில் கூட்டு. திரைக்கதை தத்துவாசிரியர் சார்த்தர். பிராக்டர் தம்பதியாக நடித்தவர்கள் ஈவ் மொந்தானும் சிமோன் சிக்னோரேயும். வாழ்க்கையிலும் கணவன் மனைவி. அமெரிக்காவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஹான்ஸ் ஐஸ்லர் அதற்கு இசையமைத்தவர்களில் ஒருவர். ஏழை-பணக்காரர் சண்டையை அந்தப் படம் ஒளிக்காமல் முன்னே வைத்தது.

ஆனால் அமெரிக்காவைக் கைகாட்டிவிட்டு நாம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள முடியாது. 1952-ல் பிராகில் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த ஸ்லான்ஸ்கி உட்பட 14 பேரை விசாரித்தார்கள். வதைத்து வாங்கிய பொய் வாக்குமூலங்களை அவர்கள் கோர்ட்டில் ஒப்பித்தார்கள். 11 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 1963-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அதே மொந்தானும் சிக்னோரேயும் 1970-ல் அந்த விசாரணையைப் பற்றிய 'வாக்குமூலம்' என்ற படத்திலும் தம்பதியாக நடித்தார்கள். சேலத்தில் அநியாயம் என்று சொன்னது பிராகிலும் அநியாயம்தான். இதைச் சொல்லக் கூசினால் சேலத்தைப் பற்றிப் பேச நமக்கு வாயில்லை.

தோழர்களே! இந்தக் கேள்வி உங்களுக்குப் புதிதல்ல. ஸ்டிரைக் முடிந்த மறுநாள் மானேஜர் தனியாகக் கூப்பிடுவார். "நீ நல்லவன், தூண்டிவிட்டவன் யார் என்று மட்டும் எழுதிக்கொடு, வேலை உண்டு" என்பார். கூலி உயர்வு கேட்டால், "சொல்லிக்கொடுத்தவன் எவன்?" என்பார் பண்ணையார். உங்கள் குற்றம் என்ன என்பதல்ல அவர்களுக்கு வேண்டியது. பக்கத்தில் நிற்பவன் பெயர்தான் வேண்டும். முதல் பெயர் விழுந்தால் ஒற்றுமையில் முதல் ஓட்டை விழுந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

சேலத்தில் தூக்கில் தொங்கியவர்களில் குடியானவர்கள் உண்டு, பிச்சைக்காரி உண்டு, படிப்பறியாத கிழவிகள் உண்டு. ஒரு பொய்யும் சில பெயர்களும் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்கள். அவர்கள் சொல்லவில்லை. பாமர ஜனங்கள் என்றால் வெறி என்கிறவர்கள் இவர்களைப் பார்க்கட்டும். படித்த ஜட்ஜுகள் தலை கிறங்கி நின்றபோது, நிதானத்தோடு நின்றவர்கள் இந்தப் பாமர ஜனங்கள்தான்!